சுண்ணாம்புக்காரன் கட்டிய மீன்குளம்

இதை எழுத நான் பல வருஷம் தயங்கினேன். இரண்டு தடவை காகிதம் வாங்கிவந்து உட்கார்ந்தேன். முதல் தடவை வாங்கிய காகிதத்தில் என் மனைவி முறுக்கைப் பொட்டலம் கட்டிக் கோவிலுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள். இரண்டாம் தடவை ஒரு பக்கம் எழுதியும் முடித்தேன். வாசித்துப் பார்த்தால், அதில் நான் செய்த தப்பு ஒன்றுகூட இல்லை. கிழித்துப் போட்டேன். நான் நாலாவது வரை படித்தவன். ஊருக்குக் கடிதம் எழுதுவேன், கோவிலில் பாடுகிறவர்களோடு சேர்ந்து பாடுவேன். அதற்குமேல் எனக்கும் எழுத்துக்கும் பழக்கமில்லை. ஆனால் தயக்கத்துக்குக் காரணம் அதுவல்ல. சொல்ல வேண்டியது வெட்கமான சங்கதி. அதுவும் என் தொழிலாலேயே எனக்கு வந்த வெட்கம்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன தை மாதம் கோவிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் எங்கள் வீட்டுக் குளத்தின் கதையை எனக்கே சொன்னார். யார் வீடு என்று அவருக்குத் தெரியாது. அம்மன் கனவில் வந்து குளத்து நீரில் கை வைத்தாளாம். செத்து மிதந்த மீனெல்லாம் எழுந்து நீந்தினவாம். நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"எந்திரிச்ச மீனு எந்தக் குளத்துலயாம்? நம்ம மீனெல்லாம் தென்னமரத்துக்கு அடியிலல்ல கெடக்கு" என்றாள். பிறகு, "நீங்க எழுதாம இருக்கறதாலதான் ஆளாளுக்குச் சொல்றாங்க" என்றும் சொன்னாள். ஆகவே எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் ஊரைவிட்டுக் கடல் தாண்டி வந்து, சிராங்கூன் சாலைக்கு உட்புறமாக, மாட்டுக்கொட்டகைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். நம்மவர்கள் அந்த வட்டாரத்தையே சுண்ணாம்புக் கம்பம், அதாவது சுண்ணாம்புக் குடியிருப்பு, என்றுதான் சொல்வார்கள். தோணியில் வந்து இறங்கும் பவளக்கல்லைக் காளவாயில் அடுக்கிச் சுட்டு, தண்ணீர் தெளித்து நீற்றிச் சுண்ணாம்பாக்குவது எங்கள் வேலை. நான் அங்கே மேஸ்திரி. கோவில் சுவருக்கும் நான்தான் சுண்ணாம்பு பார்த்துக் கொடுப்பேன். சுண்ணாம்பைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நானும் நினைத்திருந்தேன், மற்றவர்களும் சொன்னார்கள்.

ஒருநாள் கல்லை நீற்றும்போது கொதித்துத் தெறித்த சுண்ணாம்பு என் வலக்கண்ணில் விழுந்தது. கூட இருந்தவர்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, பார்வை இருந்தால் உன் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டார். அந்த நாட்களில் என் மனைவி எங்கள் ஊர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். கண் பிழைத்தால், கோவில் குளத்து மீனுக்கு ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாளும் விடாமல், தன் கையால் பொரி போடுவதாக நேர்ச்சை.

கண் பிழைத்தது. கட்டு அவிழ்த்தபோது முதலில் பார்த்தது அம்மன் படத்தை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பார்த்தது அடுப்படியில் படுத்திருந்த பூனையை. அதன் மீசை தெரிந்தது. அதற்கே நான் அழுதேன்.

ஆனால் குளம் கடலுக்கு அந்தப்புறம் இருந்தது. மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டு அவள் கப்பலேறிப்போய் ஒன்றரை மாதம் தங்க வழியில்லை. இங்கே ஆற்று மீனுக்குப் போடலாமே என்றேன்.

"ஆத்து மீனுக்குக் காலையில பொரி போட்டா, சாயங்காலம் அது யாரு வீட்டுச் சட்டியிலயாவது கொதிச்சுக்கிட்டு இருக்கும். அது நேத்திக்கடனாங்க, இல்ல மீனைக் கொழுக்க வெக்கிறதா?" என்றாள்.

கோவில் பூசாரியைக் கேட்டோம். "அம்மனுக்கு அந்தத் தண்ணி இந்தத் தண்ணின்னு இல்லம்மா. நீ போடுறத மீனு திங்கணும், அவ்வளவுதான். வீட்லயே ஒரு குளம் வெட்டுங்க" என்றார். வீட்டுக்குச் சொந்தக்காரர் நாகூர்ப் பக்கத்து மரைக்காயர். அனுமதி கேட்கப் போனால், "தாராளமா வெட்டுங்க மேஸ்திரி. வீட்ட மட்டும் வெட்டிராதீங்க" என்று சிரித்தார்.

வீட்டின் பின்னால், கிணற்றுக்கும் தென்னைக்கும் நடுவில் இடம் இருந்தது. அங்கே ஆறு முழ நீளம், நாலு முழ அகலம், இடுப்பளவு ஆழம் வெட்டினேன். செங்கல் கட்டினேன். பிறகு பூச்சு. இந்த இடத்தில்தான் என் கர்வம் வேலை செய்தது. கோவில் கருவறைச் சுவருக்குக்கூட நான் இரண்டு பூச்சுத்தான் சொல்வேன். இதற்கு மூன்று பூச்சு. காளவாயில் எடுத்த முதல்தரமான சுண்ணாம்பைச் சலித்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்து, பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினேன். முடிந்தபோது குளம் வெள்ளைவெளேர் என்று பளபளத்தது.

"முகம் பாத்துப் பொட்டு வெச்சுக்கலாம் போல இருக்கு" என்றாள் மனைவி. பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஒருவர் இருந்தார். முனிசிபல் சுகாதார ஆபீஸில் அவருக்கு வேலை. வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அண்ணை, இது மீனுக்கோ, மகாராசாவுக்கோ?" என்று கேட்டார்.

பாலஸ்டியர் பக்கம் காய்கறித் தோட்டமும் மீன் குட்டைகளும் வைத்திருந்த ஒரு சீனரிடம் எட்டுக் கெண்டை வாங்கிவந்தேன். நல்ல நாள் பார்த்து, தேங்காய் உடைத்து, விட்டோம். என் மனைவி குளித்துவிட்டு ஈரத் தலையோடு முதல் பிடி பொரி போட்டாள். வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு தொட்டு, புகை படிந்த அடுப்படிச் சுவரில் ஒரு புள்ளி வைத்தாள். அப்படி நாற்பத்தெட்டுப் புள்ளி வர வேண்டும்.

மறுநாள் காலையில் எட்டும் வயிறு தெரிய மிதந்தன.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சுத்தம் போதவில்லை என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் சுத்தம் என்றால் சுண்ணாம்புதான். கிணற்றில் புழு என்றால் சுண்ணாம்பு, சுவரில் பூஞ்சை என்றால் சுண்ணாம்பு, நோய் வந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு. ஆகவே தண்ணீரை இறைத்துவிட்டு, குளத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, புதிதாக இன்னொரு கை சுண்ணாம்பு அடித்தேன். மறுபடி எட்டு மீன். மறுபடி முதல் புள்ளி. இந்தத் தடவை ஒரு பகல்கூடத் தாங்கவில்லை. நான் இன்னும் நன்றாகத் தேய்த்து, இன்னும் ஒரு கை அடித்தேன். மூன்றாம் தடவையும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் அவள் ஈரத்துணியால் அந்த ஒற்றைப் புள்ளியைத் துடைத்தாள். செத்தவற்றைத் தென்னையடியில் புதைத்தோம். அந்த வருஷம் அந்த மரம் காய்த்த காய்ப்பை நான் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அவள் குறையைத் தன்மேலே தேட ஆரம்பித்தாள். முதலில் கருவாட்டைச் சொன்னாள்.

"ஒரு கையால மீனுக்குப் பொரி போட்டுட்டு, இன்னொரு கையால கருவாட்டுக் கொழம்பு வெச்சா, மீனு எப்படிங்க ஏத்துக்கும்?"

அன்றோடு வீட்டில் கருவாடு நின்றது. நெத்திலி நின்றது. தினமும் பூசணிக்காய். பிள்ளைகள் மூன்றும் குளத்தைப் பார்த்தபடி முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டன. மூன்றாம் தடவையும் மீன் செத்த பிறகு, தான் மட்டும் உப்பில்லாச் சோறு சாப்பிடத் தொடங்கினாள். ஏன் என்று கேட்டால் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுக் கிளார்க் ஒருநாள் வேலியோரம் என்னைக் கூப்பிட்டார். "அண்ணை, கோவிக்காதேங்கோ. மீன் நிண்டால் நுளம்புப் புழுவைத் திண்டுவிடும். மீன் இல்லாமல் தண்ணி மட்டும் நிண்டால் நுளம்பு வரும். வந்தால் மூடச்சொல்லி எழுதவேண்டியது நான்தான். என்ர கையாலை அதை எழுத வைக்காதேங்கோ" என்றார். கொசுவைத்தான் அவர் நுளம்பு என்பார். குளத்தை மூடிவிட்டால் நேர்ச்சையையும் மூட வேண்டியதுதான்.

அந்த வாரத்திலேயே மீன் விற்ற சீனர் கோபமாக வந்தார். அவர் மீன் சீக்கு மீன் என்று எங்கள் தெருவில் பேச்சாம். எங்களுக்குள் பேச்சு சந்தை மலாயில். ஆளுக்குப் பாதிதான் தெரியும், ஆனால் போதும். குளத்தண்டை குந்தி, ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துத் துப்பினார். பிறகு தண்ணீரை விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். சோப்புத் தண்ணீர்போல வழுக்கியது. எழுந்து வந்து என் கையைப் பிடித்துத் திருப்பினார்.

சுண்ணாம்பில் வேலை செய்கிறவன் கை எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பாளம் பாளமாக வெடித்திருக்கும். தேங்காயெண்ணெய் தடவாமல் விரலை மடக்க முடியாது.

"எத்தனை வருஷம்?" என்று கேட்டார்.

பதினாலு என்றேன்.

"உன் தோல் தடித்தது. அதற்கே இப்படி. மீன் இந்தத் தண்ணீரைத்தான் மூச்சாக இழுக்கிறது" என்றார்.

என் கை தானாக வலக்கண்ணுக்குப் போனது. ஒரு சொட்டுச் சுண்ணாம்பு என் கண்ணை என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். நான் அந்த மீன்களை முழுவதுமாக அதற்குள்ளேயே விட்டிருக்கிறேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் கூடுதலாகப் பூசிவிட்டு.

செய்ய வேண்டியதை அவர் சொல்லிவிட்டுப் போனார். வாழைமரத்தை வெட்டித் துண்டு துண்டாகக் குளத்தில் போட்டு ஊற விடு, சுண்ணாம்பை அது முறிக்கும். தண்ணீர் பழுப்பானதும் இறைத்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விடு. வழுக்கல் போகும்வரை திரும்பத் திரும்பச் செய். தேய்க்காதே.

அவர் வந்தபோது என் மனைவி கோவிலுக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்ததும் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சுண்ணாம்பு மேஸ்திரிக்குச் சுண்ணாம்பு தெரியவில்லை என்று என் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. வாழைத்தண்டு எதற்கு என்று அவள் கேட்டாள். "குளிர்ச்சிக்கு" என்றேன். கிளார்க் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணை, குளத்துக்குக் கலியாணமோ?" என்றார். நானும் சிரித்தேன். உள்ளே அவள் உப்பில்லாச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நான் ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டேன். இப்படி ஒன்பது நாள். இந்த ஒன்பது நாளைத்தான் முன்பு எழுதிய பக்கத்தில் நான் விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். அவள் தட்டோடு குளத்து விளிம்பில் உட்கார்ந்து, வாழைத்தண்டு மிதக்கும் அந்தத் தண்ணீரைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல ஒரு வாரம்னுதான் வேண்டிக்கிட்டேன். தப்புதான். புருஷன் கண்ணு விஷயத்துல பேரம் பேசுனேன். அப்புறம் பயந்து மண்டலம்னு ஏத்துனேன். அதுக்காக அந்த வாயில்லா ஜீவனுங்கள எடுத்துக்காத தாயே."

உப்பு ஏன் நின்றது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சுண்ணாம்புதான்" என்றேன்.

"என்ன சுண்ணாம்பு?"

"மீனக் கொன்னது. நான் பூசுன சுண்ணாம்பு தண்ணியில எறங்கியிருக்கு. நீ பேரம் பேசுனதுனால இல்ல. கருவாட்டுனாலயும் இல்ல."

தட்டைக் குளத்து விளிம்பில் வைத்தாள். "எப்பத் தெரியும்?"

இந்தக் கேள்விதான் வரும் என்று எனக்குத் தெரியும். "அந்தச் சீனர் வந்த அன்னைக்கே."

விரலை மடக்கி எண்ணினாள். "ஒம்போது நாளு."

"ஆமா."

"ஒம்போது நாளும் எதுத்தாப்புல உக்காந்து ஊறுகா தொட்டுக்கிட்டீங்க."

"ஆமா."

எழுந்து உள்ளே போனாள். உப்பு ஜாடியை எடுத்துவந்து, தட்டில் ஒரு சிட்டிகை போட்டு, நிதானமாகப் பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். கை கழுவியபிறகு சொன்னாள்: "நாளையிலேர்ந்து ஒம்போது நாளு உங்களுக்கு. அம்மா கண்ணக் குடுத்துட்டா. அத வெச்சுப் பாக்கறதுக்கு நான்தான் சொல்லித் தரணும் போல." சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். ஆனால் தண்டனை குறையவில்லை. உப்பில்லாத பூசணிக்காயை ஒன்பது நாள் சாப்பிட்டுப் பார்க்காதவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு குளம் அவள் அதிகாரத்துக்குப் போனது. ஐந்தாவது தண்ணீரில் வழுக்கல் நின்றது. அப்போதும் எட்டையும் ஒரேயடியாக விட அவள் சம்மதிக்கவில்லை. முதலில் இரண்டு. அவை ஒரு வாரம் இருந்த பிறகு ஆறு. சீனர் தம்முடைய குட்டையிலிருந்து ஒரு வாளி பச்சைத் தண்ணீரும் ஒரு கட்டு கங்கோங் கீரைக்கொடியும் கொண்டுவந்து போட்டார். கொஞ்ச நாளில் என் வெள்ளைச் சுவரெல்லாம் பாசி பிடித்தது. அதைப் பார்க்க எனக்குக் கை பரபரத்தது. தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு ஒருநாள் குளத்துப் பக்கம் போனேன்.

"தொடுங்க பாப்போம்" என்றாள் அடுப்படியிலிருந்தே. "மறுபடியும் ஒம்போது நாளு."

நாரைக் கீழே போட்டுவிட்டேன். அந்தப் பாசியை மீன்கள் கொறித்ததை நான் பிறகுதான் பார்த்தேன்.

புள்ளிகள் ஏறின. பத்து, பதினைந்து. செய்தி பரவி, அக்கம்பக்கத்துப் பெண்களும் பொரி கொண்டுவந்தார்கள். ஒருத்தி உடம்பில் வந்த கட்டி கரைய வேண்டும் என்று வெல்லக்கட்டியே கரைக்க வந்துவிட்டாள். ஊர்க் குளத்தில் அப்படித்தானே செய்வோம். என் மனைவி அவள் கையைப் பிடித்து, "அது நூறு குழி குளம் அக்கா, இது ஆறு மொழம். வெல்லத்தப் புள்ளைங்க வாயில போடுங்க, புண்ணியம் அங்கயும் வரும்" என்றாள். ஆளுக்கு மூன்று விரல் பொரிதான். தின்னாமல் மிதப்பதை உடனே சல்லடையால் அள்ளிவிடுவாள். ஐந்து நாளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவோம். கிணற்று நீரைக் குடங்களில் ஒருநாள் வைத்திருந்துதான் ஊற்றுவோம்.

முப்பத்தொன்றாம் நாள் காலையில் அவள் குரல் கேட்டு ஓடினேன். எட்டு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. தண்ணீர் கலங்கலாக, புளித்த வாடை. முந்தின நாள் வெள்ளிக்கிழமை. யாரோ பக்தியோடு கோவிலிலிருந்து அபிஷேகப் பாலைச் செம்பு நிறையக் கொண்டுவந்து, நாங்கள் பார்க்காத நேரத்தில் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். யார் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. நல்ல எண்ணத்தில் கெடுத்தவர்களில் நான்தான் முதல் ஆள்.

அன்று நான் காளவாய்க்குப் போகவில்லை. பாதித் தண்ணீரை இறைத்தேன். அவள் குடத்தை இடுப்பிலிருந்து எடுத்துத் தலைக்குமேல் தூக்கி, தண்ணீரில் காற்று சேரும்படி உயரத்திலிருந்து ஊற்றினாள். எங்கள் குடங்கள் தீர்ந்தபோது கிளார்க், ஆபீஸுக்குப் போட்ட கோட்டைக் கழற்றி வேலியில் தொங்கவிட்டு, தம் வீட்டிலிருந்த தண்ணீர்க்குடங்களை எல்லாம் வேலிக்கு மேலாகத் தூக்கித் தூக்கிக் கொடுத்தார். "இண்டைக்கு நான் நேரம் பிந்திப் போனதற்குக் காரணம் கேட்டால், நுளம்பு ஒழிப்பு எண்டு எழுதுவன்" என்றார். மத்தியானத்துக்குள் ஏழு மீன் கீழே இறங்கிவிட்டன. ஒன்று பிழைக்கவில்லை.

என் மனைவி அடுப்படிச் சுவருக்கு முன்னால் ஈரத்துணியோடு நின்றாள். முப்பது புள்ளி. துடைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். புள்ளிகளை ஒருமுறை எண்ணினாள்.

"மீனுக்குப் போடறேன்னுதான வேண்டிக்கிட்டேன். எட்டு மீனுக்குன்னு சொல்லலியே."

"இது பேரமில்லையா?" என்றேன்.

"பேரம்தான். அவ என் தாயி. அவகிட்ட பேசாம வேற யாருகிட்ட பேசறது?" என்று சொல்லி, துணியை ஓரமாகப் போட்டுவிட்டு, பொரி கொண்டுபோய் மூன்றே மூன்று விரல் போட்டாள். ஏழும் வந்து தின்றன. முப்பத்தொன்றாவது புள்ளியை வைத்தாள்.

நாற்பத்தெட்டாம் நாள் பூசாரியை அழைத்து, சர்க்கரைப் பொங்கல் வைத்து, தெருவுக்கே கொடுத்தோம். சீனருக்கும் ஒரு வாழையிலையில் கட்டிக் கொடுத்தேன். மரைக்காயர் வந்து குளத்தைப் பார்த்து, "மேஸ்திரி, வெள்ளையா இருந்துச்சே" என்று வருத்தப்பட்டார். அவள் கடைசிப் பிடி பொரி போட்டுவிட்டு, கையைத் துடைத்து, என் வலக்கண்ணின் மேல் தன் உள்ளங்கையைச் சற்றுநேரம் வைத்தாள். அது ஈரமாக, பாசி வாசனையோடு இருந்தது. பிறகு, "இன்னிக்குக் கருவாடு கிடையாது. நாளைக்கு வெக்கிறேன்" என்றாள்.

நடந்தது இவ்வளவுதான். அம்மன் என் கண்ணைத் திருப்பிக் கொடுத்தாள். அதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன். ஆனால் குளத்தில் அவள் கை வைக்கவில்லை. வைத்தது ஒரு சீனத் தோட்டக்காரரும், வாழைத்தண்டும், என் மனைவியும். செத்த இருபத்தைந்து மீனில் இருபத்துநாலு என் கணக்கில்தான் இருக்கின்றன. தினமும் விளக்கேற்றும்போது அவற்றுக்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

இதை வாசிக்கிறவர்கள், புதுக்குளம் கட்டுகிற யாருக்காவது சொல்ல நேர்ந்தால், உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள். கனவு சேர்க்க வேண்டாம். எழுந்து நீந்திய மீன் சேர்க்க வேண்டாம். சுண்ணாம்பையும் ஊறுகாயையும் விட வேண்டாம். அந்த ஒன்பது நாளை எட்டு என்றுகூடக் குறைக்க வேண்டாம், அவள் எண்ணிவைத்திருக்கிறாள்.